தலைக்கட்டும் தலைக்கணக்கும்

ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதை வாசலில் நின்றே ஓரளவு சொல்லிவிடலாம். அழைப்பு மணி ஒன்று, தபால் பெட்டி இரண்டு, பக்கச் சுவரில் எரிவாயு மீட்டர் மூன்று. மூன்றாவது மீட்டருக்கு உரியவர்கள் பின்பக்கம் இருப்பார்கள். சந்து வழியாகச் சுற்றிப் போனால் மரப்படிக்கட்டு வரும். அதன் அடியில் நிலவறைக்கு இறங்கும் சின்னக் கதவு. அதைத் தட்டிய பிறகுதான் அந்த வீட்டின் கணக்கு முடியும்.

2000-ஆம் ஆண்டு வசந்தத்தில், சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில் சென்சஸ் கணக்கெடுப்பாளராகச் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. சொல்லித்தந்தவர் எங்கள் குழுத்தலைவி, மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துக்காரர். "கதவை எண்ணாதே மிஹா, மீட்டரை எண்ணு" என்பார். மிஹா என்றால் என் மகளே. நம் ஊரில் பெரியவர்கள் 'அம்மாடி' என்று கூப்பிடுகிற தொனி.

நான் 1994-இல் விருதுநகரில் இருந்து சிகாகோ போனவள். கணவருக்கு அங்கே வேலை. எனக்குக் கிடைத்தது நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பொட்டலம் கட்டும் ஆலை. வரிசையில் என் இரு பக்கமும் நின்றவர்கள் மெக்சிகோப் பெண்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய காலத்திலேயே ஸ்பானிய மொழி நாக்கில் ஏறிவிட்டது. ஆறு வருடம் கழித்து, ஸ்பானியம் பேசத் தெரிந்த ஆட்கள் கணக்கெடுப்புக்குத் தேவை என்று மளிகைக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாத வேலை என்று நினைத்துப் போனேன். அதன்பின் வீடுவீடாகக் கேள்வி கேட்கும் வேலையிலும், பிறகு அந்தப் பகுதியின் சமூக சேவை அமைப்புகளுக்கு அட்டவணை போட்டுத்தரும் வேலையிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணக்கெடுப்புக்குச் சேரும் ஒவ்வொருவரும் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறோம். வேலை முடிந்தாலும் அந்த உறுதிமொழி முடிவதில்லை, சாகும்வரை கட்டும். ஒரு வீடு சொன்ன விவரத்தை வெளியே சொன்னால் ஐந்து ஆண்டுவரை சிறை, இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதம். எனவே எந்த வீடு என்ன சொன்னது என்பதை இந்தக் கட்டுரையில் தேட வேண்டாம். நான் சொல்பவை தொழிலின் செய்முறைகள், அச்சில் வந்த அட்டவணைகள், பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்பும் பேசப்பட்டவை.

லிட்டில் வில்லேஜின் அரசுப் பெயர் சவுத் லாண்டேல். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் நகரத்தைக் கூறுபோட்டு எல்லை வகுத்தார்கள். இன்று அப்படி 77 பகுதிகள். அவற்றில் ஒன்று இது. கிழக்கே ஒட்டியிருக்கும் பகுதி லோயர் வெஸ்ட் சைட். அதன் பெரும்பங்கைப் பில்சென் என்பார்கள். பெயரிலேயே பழைய குடிகள் இருக்கிறார்கள். செக் நாட்டுப் பில்சென் நகரத்தை நினைத்து, அங்கிருந்து வந்தவர்கள் வைத்த பெயர் அது. 1931-இல் சிகாகோவின் மேயரான ஆன்டன் செர்மாக் பொஹீமியாவில் பிறந்தவர்; பிழைக்க வந்த செக் குடும்பத்துப் பிள்ளை; லாண்டேலில் குடியிருந்தவர். 22-ஆம் தெருவுக்கு இன்று அவர் பெயர். 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புது வளாகத்துக்காக நகர மேற்கில் இருந்த குடியிருப்புகளை இடித்தபோது, அங்கே வாழ்ந்த மெக்சிகோக்காரர்கள் தெற்கே பில்சென்னுக்கு வந்தார்கள். அங்கிருந்து மேற்கே லிட்டில் வில்லேஜுக்குப் பரவினார்கள். செக்காரர்களின் பிள்ளைகள் ஏற்கனவே புறநகருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

26-ஆம் தெருவை அங்கே யாரும் ஆங்கிலத்தில் சொல்வதில்லை. 'லா வெயின்டிசெய்ஸ்', அதாவது இருபத்தாறு. தெருவின் கிழக்கு வாயிலில் 'பியன்வெனிதோஸ்' என்று வரவேற்கும் ஓட்டுக்கூரை வளைவு. உள்ளே நுழைந்தால் மணப்பெண் உடைக்கடை, பூட்ஸ் கடை, ரொட்டிக்கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, மறுபடி மணப்பெண் உடைக்கடை. சிகாகோவில் மிச்சிகன் அவென்யூவுக்கு அடுத்தபடி அதிக வியாபாரம் நடக்கும் தெரு என்று வியாபாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். நான் கண்ட ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துச் சொன்னால், நம்பக்கூடிய பெருமைதான்.

இந்த மக்களை அரசு 'ஹிஸ்பானிக்' என்கிறது. இருபது ஆண்டில் ஒருவர்கூடத் தன்னை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மெக்சிகானோ என்பார்கள்; இன்னும் நெருங்கிக் கேட்டால் மிச்சோவாகான், குவானஹுவாத்தோ, ஹலிஸ்கோ என்று மாநிலத்தைச் சொல்வார்கள். நாம் மதுரை, நெல்லை என்பதுபோல. கணக்கெடுப்பில் இந்த அடையாளத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1970-இல் நாட்டில் நூற்றுக்கு ஐந்து வீடுகளில் மட்டும், நீங்கள் மெக்சிகோ வழியா, போர்ட்டோ ரிக்கோ வழியா, மத்திய அல்லது தென் அமெரிக்க வழியா என்று கேட்டார்கள். அமெரிக்காவின் நடு மாநிலங்களிலும் தென் மாநிலங்களிலும் இருந்த பலர், நாம் மத்திய அமெரிக்காதானே, தென் அமெரிக்காதானே என்று அதிலேயே குறியிட்டுவிட்டார்கள். 1980-இல்தான் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வியாக, சொற்களைத் திருத்திக் கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகும் சிக்கல் தீரவில்லை. முதல் கேள்வி: ஹிஸ்பானிக்கா? அடுத்த கேள்வி: உங்கள் இனம் என்ன? வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று ஒரு வரிசை வரும். இந்த இரண்டாவது கேள்வியில்தான் கதவடியில் பேச்சு நின்றுபோகும். இப்போதுதானே சொன்னோம் என்கிற முகம். வரிசையில் தங்களுக்குப் பெட்டி இல்லாதவர்கள் 'வேறு இனம்' என்ற கட்டத்தைக் குறித்து அதன் கீழே ஊரையோ நாட்டையோ எழுதினார்கள். 2020 கணக்கில் நாட்டிலேயே இரண்டாவது பெரிய இனப்பிரிவு இந்த 'வேறு இனம்'தான். 2024 மார்ச்சில் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்க அரசு முடிவெடுத்தது. நாற்பது ஆண்டுத் தாமதம் என்பது என் தீர்ப்பு.

இனி வருமானத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே அதுதான். நான் பெரிய தவறு செய்ததும் அதில்தான்.

நம் கிராமத்தில் கோயில் கொடைக்கு வரி போடும்போது தலைக்கட்டு என்று கணக்கிடுவார்கள். தனி அடுப்பு வைத்தால் தனித் தலைக்கட்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடுப்பு பொருட்டல்ல. தனி வாசல் பொருட்டு. ஒரே வாசலுக்குள் இருப்பவர்கள் அண்ணன் தம்பியானாலும், ஊர்க்காரரானாலும், வாடகைக்கு ஓர் அறை எடுத்தவரானாலும், எல்லாரும் ஒரு குடித்தனம். பதினைந்து வயது நிரம்பிய ஒவ்வொருவரின் பன்னிரண்டு மாத வருமானத்தையும் கேட்டுக் கூட்டினால் அது அந்தக் குடித்தனத்தின் வருமானம். கூலி, சொந்தத் தொழில், வட்டி, ஓய்வூதியம், அரசு உதவி என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். 2005-இலிருந்து இந்தக் கேள்விகள் 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற தொடர் ஆய்வில் வருகின்றன. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகள் அதற்குத் தேர்வாகும்.

இப்படிக் கூட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு வாசலுக்குள் எட்டுப் பேர், நால்வர் சம்பாதிக்கிறார்கள், தலைக்கு 16,000 டாலர். குடித்தன வருமானம் 64,000. பக்கத்து வாசலில் இளம் தம்பதி; இருவரும் சேர்ந்து அதே 64,000. அட்டவணையில் இரண்டும் ஒரே வரி. முதல் வீட்டில் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது அந்த வரியில் வராது. வாடகை ஏறுகிறது, தாங்க முடியாமல் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். 30,000, 28,000 என்று தனித்தனியாக இருந்த இரண்டு குடித்தனம் மறைந்து 58,000 என்று ஒன்று பிறக்கிறது. அவர்களுக்கு நெருக்கடி. அட்டவணைக்கு வளர்ச்சி.

ஊருக்கு அனுப்பும் பணத்தை எந்தக் கேள்வியும் கழிப்பதில்லை. மெக்சிகோவில் 'ஒன்றுக்கு மூன்று' என்று ஒரு திட்டம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சங்கம் ஒரு பெசோ போட்டால் மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி ஆளுக்கொன்று போட்டுவந்தன. சாக்காத்தேகாஸ் மாநிலத்தில் தொடங்கி 2002-இல் நாடு முழுவதற்கும் ஆனது. மெக்சிகோவின் எத்தனையோ சிற்றூர்களில் சாலையும் குடிநீர்க் குழாயும் சிகாகோ போன்ற நகரங்களின் கூலியில் வந்தவை. அந்தக் கூலியெல்லாம் சிகாகோ அட்டவணையில் முழுசாகச் சாப்பிட்டு உடுத்திய வருமானமாகவே நிற்கும்.

இதோடு ஆய்வின் பிழை எல்லையும் சேர்கிறது. ஒரு பகுதியைச் சுமார் நாலாயிரம் பேர் கொண்ட சின்னச் சின்ன டிராக்ட்களாகப் பிரிப்பார்கள். அந்த அளவுக்கு இறங்கினால் ஐந்தாண்டுப் பதில்களைச் சேர்த்தாலும் மாதிரி போதாது. 41,000 என்று போட்டு, பக்கத்தில் கூடவோ குறையவோ 9,000 என்று போட்டிருக்கும். எண்ணை எடுத்துக்கொண்டு அந்த ஒன்பதாயிரத்தை விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மானியம் தருகிறவர்கள், வீட்டுத் தரகர்கள், செய்தியாளர்கள், எல்லாரும்.

நான் செய்த தவறு வேறு. பிழை எல்லையைப் போட்டேன். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தேன். ஒன்றின் மேல் ஒன்று விழாத இரண்டு ஐந்தாண்டுத் தொகுப்புகளை, 2006–10, 2011–15 என்று, முறைப்படிதான் ஒப்பிட்டேன். கிழக்குப் பில்சென்னில் ஒரு டிராக்ட். இடைநிலைக் குடித்தன வருமானம், அதாவது எல்லா வீடுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், தெளிவாக ஏறியிருந்தது. நான் அப்போது வேலை பார்த்த அமைப்புக்காக எழுதிய அறிக்கையில் 'இப்பகுதிக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்துள்ளது' என்று தலைப்புக் கொடுத்தேன். 2017-இல் ஒரு பள்ளிக்கூட அரங்கில் அதைத் திரையில் போட்டுக் காட்டினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்தார். கைப்பையை மடியில் இருந்து எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார். "யாருடையது?"

புரியவில்லை என்றேன்.

"எங்க கட்டடத்துல இருந்து மூணு குடும்பம் போயிருச்சு, மிஹா. போனவங்க வருமானமும் ஏறியிருக்கா?"

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. அவர் உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு அதே டிராக்ட்டின் மற்ற அட்டவணைகளை எடுத்து வைத்தேன். எடுத்திருக்க வேண்டியவை, எடுக்காமல் விட்டவை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குச் சராசரி ஆட்கள் குறைந்திருந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் கூடியிருந்தார்கள். இந்த வீட்டுக்கு எந்த ஆண்டு குடிவந்தீர்கள் என்ற கேள்விக்கு அண்மை ஆண்டுகளைச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். வருமானம் ஏறிய குடும்பங்கள் வேறு. பத்தாண்டுக்கு முன் அங்கே இருந்த குடும்பங்கள் வேறு.

பிற்பாடு கூட்டங்களில் இதை விளக்க ஐந்து வீட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்வேன். ஒரு தெருவில் ஐந்து வீடு. வருமானம் ஆயிரங்களில் 22, 28, 34, 40, 52. நடுவீடு 34. முதல் இரண்டு வீட்டார் வாடகை தாங்காமல் போகிறார்கள். 95-உம் 110-உம் உள்ள இருவர் வருகிறார்கள். இப்போது 34, 40, 52, 95, 110. நடுவீடு 52. தெருவின் இடைநிலை வருமானம் பாதிக்கும் மேல் ஏறிவிட்டது. தங்கிய மூன்று வீட்டாருக்கு ஒரு டாலர் கூடவில்லை. போன இரண்டு வீட்டாரைப் பற்றி அட்டவணைக்கு ஒன்றும் தெரியாது. அட்டவணை இடத்தை அளக்கிறது; ஆளைப் பின்தொடர்வதில்லை.

அறிக்கையைத் திருத்தி எழுதினோம். ஆனால் முதல் அறிக்கை போன இடத்துக்கெல்லாம் திருத்தம் போய்ச் சேரவில்லை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பாடமும் கொடுத்த ஒரு சிறு திட்டத்துக்குப் பணம் தந்துகொண்டிருந்தவர்கள், வருமானம் உயர்ந்த பகுதி என்று சொல்லி அடுத்த ஆண்டு நிறுத்திக்கொண்டார்கள். என் தலைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கடிதத்தில் என் வாக்கியம் இருந்தது.

அதன்பின் நான் எந்தப் பகுதியின் வருமான அட்டவணையையும் தனியாகக் கொடுத்ததில்லை. பக்கத்திலேயே தலைக்கணக்கு போகும்.

தலைக்கணக்கைத்தான் இப்போது சொல்கிறேன். பில்சென் அடங்கிய லோயர் வெஸ்ட் சைட் பகுதியில் 2000-இல் 44,031 பேர், 2010-இல் 35,769, 2020-இல் 33,751. லிட்டில் வில்லேஜில் 2000-இல் 91,071, 2010-இல் 79,288, 2020-இல் 71,399. இருபது ஆண்டில் முன்னது 23 விழுக்காடு சரிந்தது, பின்னது 22. வேகம் கிட்டத்தட்ட ஒன்று. காரணம் ஒன்றல்ல.

பில்சென் நகர மையத்துக்குப் பக்கம், ரயில் உண்டு, செங்கல் கட்டடங்கள் அழகு. பணம் உள்ளவர்கள் வரத் தொடங்கினார்கள். சிகாகோவின் பழைய தொழிலாளர் வீடு டூ-ஃபிளாட், த்ரீ-ஃபிளாட். அடுக்குக்கு ஒரு குடும்பம். பெரும்பாலும் கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர். அதை வாங்கி உள்சுவர்களை இடித்து ஒரே வீடாக்கினால் மூன்று குடும்பம் இருந்த இடத்தில் இருவர் இருப்பார்கள். கட்டடம் புதுசாக மினுங்கும், தலைக்கணக்கு விழும். ஒரு தலைமுறைக்கு முன் பத்தில் ஒன்பது பேர் ஹிஸ்பானிக்காக இருந்த இடத்தில் 2020-இல் ஏறத்தாழ ஏழு. பல குடும்ப வீட்டை இப்படி ஒரே வீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தி 2021 தொடக்கத்தில் மாநகராட்சி விதி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சொத்துவரிச் சீட்டு வந்தபோது இந்தப் பகுதியின் இடைநிலை வீட்டுவரி 45 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருந்தது. கடனை அடைத்துச் சொந்த வீட்டில் இருந்த கிழவர்கள்கூட விற்றுவிடலாமா என்று கேட்டு அலுவலக வாசலில் நின்றார்கள். பக்கத்து வீடு நல்ல விலைக்குப் போனதற்கு இவர்கள் வரி கட்ட வேண்டியிருந்தது.

லிட்டில் வில்லேஜில் அந்த அலை அந்த அளவுக்கு வரவில்லை. மக்கள்தொகையில் பத்தில் எட்டுப் பேர் இன்னும் ஹிஸ்பானிக்தான். அங்கே குறைந்ததற்கு வேர் மெக்சிகோவிலும் இருக்கிறது. 1970 வாக்கில் ஒரு மெக்சிகோப் பெண்ணுக்குச் சராசரி ஆறேழு பிள்ளை; 2010-களில் இரண்டை ஒட்டி. பிழைப்புத் தேடி வடக்கே வரும் இளைஞர் கூட்டம் வற்றியது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோவில் பிறந்தோர் எண்ணிக்கை 2007 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. 2009-இலிருந்து 2014 வரை வந்தவர்களைவிடத் திரும்பியவர்களே அதிகம். 2008-இன் வீட்டுக்கடன் சரிவில் கட்டிட வேலை நின்றது, வீடுகள் ஏலத்துக்குப் போயின. கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் மேற்கே புறநகர்களான சிசரோவுக்கும் பெர்வினுக்கும் போனார்கள். பிள்ளைகளுக்குத் தோட்டமுள்ள வீடு வேண்டும் என்று. சிகாகோ நகரம் முழுவதையும் எடுத்தால் ஹிஸ்பானிக் மக்கள் குறையவில்லை. 2020-இல் 8,19,518 பேர். முதல்முறையாகக் கறுப்பின மக்களை மிஞ்சிய எண்ணிக்கை. அவர்கள் நகரமெங்கும் பரவிவிட்டார்கள்.

நெஞ்சை அழுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2001-இல் லிட்டில் வில்லேஜ் தாய்மார்கள் உயர்நிலைப் பள்ளி கேட்டு 19 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அறிவித்த பள்ளியைக் கட்டப் பணமில்லை என்று அரசு கைவிரித்திருந்தது. பகுதி பிள்ளைகளால் நிரம்பி வழிந்த காலம். 2005-இல் பள்ளி திறந்தது. அதைத் திறந்தபோது பகுதியின் தலைக்கணக்கு இறங்கத் தொடங்கிவிட்டிருந்தது. தாய்மார்கள் கேட்டது சரியான நேரத்தில், கொடுத்தவர்கள்தான் தாமதம். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் மேல்வகுப்புக்குத் தினமும் வெகுதூரம் போய்வந்த பிள்ளைகளை எந்த அட்டவணையும் திருப்பித் தராது.

லிட்டில் வில்லேஜ் கணக்கில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு இளம் ஆய்வாளரும் அதில் விழுவார். எனக்கும் 2003 வரை தெரியாது. ஆண்கள் ஏன் இவ்வளவு அதிகம்? மெக்சிகோப் பகுதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? நான் நடந்த தெருக்களில் அவ்வளவு பேரைப் பார்த்ததில்லையே? விடை 26-ஆம் தெருவும் கலிஃபோர்னியா அவென்யூவும் சேரும் இடத்தில், உயர்ந்த மதிலுக்குள் இருக்கிறது. குக் கவுன்டி சிறை. கணக்கெடுப்பு நாளில் எங்கே உறங்குகிறாரோ அங்கேதான் கைதியை எண்ண வேண்டும் என்பது விதி. நகரத்தின் வேறு மூலைகளில் பிடிபட்டு விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள், லிட்டில் வில்லேஜ்வாசிகளாக எண்ணப்பட்டார்கள்.

குடித்தன வருமானத்தில் சிறை சேராது. சிறை குடித்தனம் அல்ல. தலைக்கு வருமானம் என்ற கணக்கில் சேரும். மொத்த வருமானத்தை மொத்தத் தலைகளால் வகுக்கும்போது சம்பாத்தியமே இல்லாத ஆயிரக்கணக்கான தலைகள் கீழே நிற்கும். பகுதி இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். 2013 வாக்கில் சிறையில் சுமார் 10,000 பேர். ஜாமீன் முறையைத் திருத்தியதால் 2020 தொடக்கத்தில் 6,000-க்கும் கீழே வந்தது. பெருந்தொற்றில் இன்னும் குறைந்தது. மேலே சொன்ன சரிவில் அதற்கும் பங்கு உண்டு. சிறை காலியானால் தலைக்கு வருமானம் தானே ஏறும். 26-ஆம் தெருவில் ஒரு ரொட்டிகூடக் கூடுதலாக விற்றிருக்காது.

2020-ஐப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே படிவத்தில் குடியுரிமைக் கேள்வி வரப்போகிறது என்ற பயம் பரவியிருந்தது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது, கேள்வி வரவில்லை, பயம் போகவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரல் 11, ஈஸ்டருக்கு முந்தின நாள், மூடிக்கிடந்த கிராஃபோர்ட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2012-இல் மூடவைத்த நிலையம் அது. தூசி லிட்டில் வில்லேஜ் முழுவதையும் மூடியது. நுரையீரலைத் தாக்கும் நோய் பரவிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வசந்தத்தில் இல்லினாய் மாநிலத்திலேயே அதிகம் பேர் நோயுற்ற அஞ்சல் எண்களில் ஒன்று இந்தப் பகுதியுடையது. இறைச்சிக்கூடத்திலும் கிடங்கிலும் வேலை செய்தவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பது கிடையாது.

அந்தக் கோடையில் முகக்கவசத்தோடு கதவுக்கு ஆறடி தள்ளி நின்று கேள்வி கேட்டோம். முடிக்கும் தேதி அக்டோபர் 31 என்றார்கள், செப்டம்பர் 30 என்றார்கள், நீதிமன்றம் போய்க் கடைசியில் அக்டோபர் 15 என்றானது. தொழிலில் அனுபவம் உள்ள யாருக்கும் அந்தக் கணக்கு குறைவாக வரும் என்று தெரியும். 2022-இல் சென்சஸ் துறையே வெளியிட்ட சரிபார்ப்பின்படி நாடு முழுக்க ஹிஸ்பானிக் மக்களில் நூற்றுக்கு 4.99 பேர் விடுபட்டார்கள். 2010-இல் அது 1.54. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலும் பெரிய குறை.

குழந்தை ஏன் விடுபடுகிறது என்று பலர் கேட்பார்கள். பாட்டி வீட்டில் மகள் கைக்குழந்தையோடு வந்திருப்பாள். 'இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார்' என்றால் பாட்டி தன் பிள்ளைகளைச் சொல்வார். பேரன் மகளின் கணக்கு என்று நினைத்துக்கொள்வார். மகளுக்கு வேறு வாசல் இருந்தால்தானே அங்கே கணக்கு? இரண்டு இடத்திலும் பேர் இல்லாமல் பத்தாண்டு கழியும். மழலையர் வகுப்பில் இடம் ஒதுக்கும்போது அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்காது. எனவே பேர் எல்லாம் எழுதி முடித்தபின் நான் தனியாக ஒரு கேள்வி கேட்பேன்: "நேற்று ராத்திரி இங்கே யார் யார் தூங்கினாங்க, சின்னதுல இருந்து சொல்லுங்க." அப்போது தொட்டில் கணக்கில் வரும்.

2025 செப்டம்பரில் சிகாகோவில் குடிநுழைவு அதிகாரிகளின் பெருஞ்சோதனை தொடங்கியது. லா வெயின்டிசெய்ஸில் கடைகள் வெறிச்சோடின. அங்கே கதவு தட்டுகிற யாருக்கும் இனி வேலை முன்னைவிடக் கடினம். அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அரசாங்கத்தில் இருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லும் குரலை அவர்கள் எப்படி நம்புவார்கள்? முகம் தெரிந்தவர் சொன்னால் நம்புவார்கள். அந்தத் தெருவில் ரொட்டி வாங்குகிறவர், அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர், அவர்கள் மொழியைக் கொஞ்சமாவது பேசுகிறவர் சொன்னால் கதவு திறக்கும். எனக்குத் திறந்தது.

அடுத்த கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. அதற்கு முன் ஊர் ஊராகத் தற்காலிக ஆட்கள் எடுப்பார்கள். அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் படித்த ஸ்பானியம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் மெக்சிகோக் குடும்பங்கள் இருக்கின்றன. சில மாத வேலைதான். போய்ச் சேருங்கள். பின்படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கதவையும் தட்டுங்கள்.